பதில்: மஸ்கெலியாவில் பாதியில் நிற்கும் நிறுவல்

உபுண்டு இயங்குதளத்தில் 'டிபிகேஜி -ஐ' கட்டளை கொடுத்து நிறுவிய அச்சுப்பொறி மென்பொருள், சார்புப் பொதிகள் (அது இயங்கத் தேவையான துணை மென்பொருள்கள்) இல்லை என்று பாதியில் நிற்கிறது, மஸ்கெலியாவில் சிக்னலும் விட்டுவிட்டு வருகிறது என்கிறீர்கள். டிபிகேஜி என்ற நிறுவல் கருவி, கையில் கொடுத்த கோப்பை மட்டுமே விரிக்கும். துணைப் பொதிகளைத் தேடிப் போவது ஆப்ட் என்ற இன்னொரு கருவியின் வேலை.

கண்ட தளங்களில் இருந்து அவற்றை ஒவ்வொன்றாக இறக்காதீர்கள். பதிப்பு பொருந்தாமல் சிக்கல் முற்றும்.

முதலில் 'சூடோ ஆப்ட்-கெட் அப்டேட்', பிறகு 'சூடோ ஆப்ட்-கெட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. அந்த மென்பொருளையே நீக்கவா என்று கேட்டால் அவசரப்பட்டு 'ஒய்' அழுத்த வேண்டாம். அதற்குத் தேவையானது ஆப்ட் பொதிகளை எடுக்கும் களஞ்சியத்தில் இல்லை என்று பொருள்.

பதிவிறக்கம் அறுந்துகொண்டே இருந்தால், இரண்டாவது கட்டளையின் இறுதியில் '--பிரிண்ட்-யூஆர்ஐஸ்' சேருங்கள். எதையும் இறக்காமல் முகவரிகளை மட்டும் காட்டும். அந்தக் கோப்புகளைச் சிக்னல் சீராகக் கிடைக்கும் இடத்தில், பக்கத்து நகரான ஹட்டனில் போல, இறக்கி, முகவரிக்கு அருகே காட்டும் பெயரிலேயே '/வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ்' கோப்புறையில் போட்டு, '--பிரிண்ட்-யூஆர்ஐஸ்' இல்லாமல் அந்த இரண்டாவது கட்டளையை மீண்டும் ஓட்டுங்கள்.