நாடியிலிருந்து விரலை எடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பக்கத்து மேசையில் வேலை பார்த்த நண்பர் 41 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். அதன்பின் ஏழு மாதமாக எனக்கு நெஞ்சு படபடக்கிறது. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் 104, 112 என்று காட்டுகிறது. மூன்று முறை ஈசிஜி, ஒரு முறை எக்கோ எடுத்தாயிற்று. தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கின்றன. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன். இரவில் படுத்தால் காதுக்குள் துடிப்புதான் கேட்கிறது. மருத்துவர் "ஒன்றுமில்லை" என்கிறார். ஒன்றுமில்லை என்றால் ஏன் இப்படித் துடிக்கிறது?

பதில்: உங்கள் கடைசி வரி நியாயமான கேள்வி. "ஒன்றுமில்லை" என்பது அதற்குப் பதிலாகாது. நீங்கள் உணரும் படபடப்பு உண்மை, கடிகாரத்தில் தெரியும் 112 உண்மை. உங்கள் மருத்துவர் சொல்ல வந்தது இதயத்தில் நோய் இல்லை என்பதைத்தான். நோய் இல்லாத இதயம் ஏன் வேகமாகத் துடிக்கிறது என்பதை யாரும் உங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்ற சிறு திசுத் தொகுப்பு இருக்கிறது. துடிப்பு பிறக்கும் இடம் அதுதான். நரம்புகளின் தலையீடு இல்லாமல் தன் போக்கில் விட்டால், அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால், ஓய்வில்கூடத் துடிப்பு 90 முதல் 110 வரை இருப்பது வழக்கம். நமக்கெல்லாம் 70, 75 என்று இருப்பதற்குக் காரணம், மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு நாள் முழுவதும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதுதான். அச்சம் வந்ததும் முதலில் அந்தக் கடிவாளம் தளர்கிறது. பிறகு அட்ரினலின் வந்து சேர்கிறது. ஆக, உங்கள் 104 என்பது பெரும்பாலும் கடிவாளம் சற்றுத் தளர்ந்த இதயத்தின் இயல்பான வேகம்.

அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. கொஞ்சம் வேகமாகத் துடிப்பதுபோல் தோன்றுகிறது. கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். 92. "ஏன் 92?" என்று மனம் கேட்கிறது. அந்தக் கேள்வியே உடம்புக்கு அபாய அறிவிப்பு. மறுபடி பார்க்கும்போது 104. இப்போது மூச்சு வேகமாகிறது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, தலை லேசாகச் சுற்றுகிறது. அடுத்து 112. அளப்பதற்காக வைத்த கருவியே அளவை ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஏழு மாதமாக நாளுக்கு எத்தனை முறை பார்த்திருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கடிகாரத்தைக் கழற்றுவதற்கு முன், நீங்கள் உறங்கிய நேரத்தின் பதிவை ஒரே ஒரு முறை பாருங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலோ, ரத்தசோகை கடுமையாக இருந்தாலோ உறக்கத்திலும் துடிப்பு பெரிதாக இறங்காது. பதற்றத்தால் வரும் வேகம், பதறுவதற்கு ஆள் விழித்தில்லாதபோது இறங்கிவிடும். உறக்கத்தில் 60-களில் இருந்தால் உங்கள் சைனஸ் கணு சொன்னபடி கேட்கிறது என்று பொருள். இறங்கவில்லை என்றால் அந்தப் பதிவோடு மருத்துவரைப் பாருங்கள்.

பரிசோதனைகள் சரியாக இருந்தாலும் சில கேள்விகளை நான் கேட்பேன். நாளுக்கு எத்தனை டீ, காபி? புகை உண்டா? தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறீர்களா? மூக்கடைப்புக்காகக் கடையில் வாங்கும் சளி மாத்திரைகளும் ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால் மருந்தும் துடிப்பைக் கூட்டும்.

என்னிடம் வருபவர்களை, அந்தப் படபடப்பை மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொல்வேன். மெல்ல ஏறி மெல்ல இறங்கும் சீரான தட்டல் என்றால் பதற்றத்தின் பக்கம் சாய்வேன். சுவிட்ச் போட்டதுபோல் ஒரே நொடியில் 150-க்கு மேல் தாவி, அதேபோல் சட்டென்று நின்றால் அது வேறு. இதயத்தின் மின்பாதைக் கோளாறாக இருக்கலாம். தாளமே இல்லாமல் தாறுமாறாகத் தட்டினாலும் அப்படித்தான். அப்படிப்பட்டவர்களுக்கு 24 மணி நேர ஹோல்டர் பதிவு, அதாவது உடம்பில் மாட்டிக்கொண்டு நடமாடும் தொடர் ஈசிஜி, தேவைப்படும். படபடப்பு நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த ஒரு ஈசிஜி, அது அடங்கியபின் எடுத்த பத்து ஈசிஜிக்குச் சமம். அவ்வப்போது ஒரு துடிப்பு தவறி, அடுத்தது ஓங்கி அடிப்பதுபோலத் தோன்றுவது ஆரோக்கியமான இதயங்களிலும் உண்டு.

காத்திருக்கக் கூடாத நிலைகளையும் சொல்லிவிடுகிறேன். மயங்கி விழுதல், நடக்கும்போது வந்து நின்றால் குறையும் நெஞ்சுவலி, கை அல்லது தாடைக்குப் பரவும் அழுத்தம், வியர்வையோடு மூச்சுத்திணறல், அசையாமல் இருந்தும் 120-க்குக் குறையாத துடிப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி, செய்யவேண்டியது. கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வையுங்கள். விரல் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் தானாகப் போகும். போவதை உணர்ந்ததும் எடுத்துவிடுங்கள். முதல் நான்கைந்து நாள் படபடப்பு கூடும், அதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். இணையத்தில் அறிகுறிகளைத் தேடுவதும், "எனக்கு ஒன்றும் ஆகாது இல்லையா?" என்று வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதே பழக்கத்தின் வேறு வடிவங்கள். வீட்டில் உள்ளவர்கள் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் நிம்மதி அரை மணி நேரம்கூட நிற்காது. அவர்களிடம் இதை விளக்கி, பதில் சொல்லாமல் உங்களோடு ஒரு நடை வந்தால் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சுப் பயிற்சி உதவும். நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் மீது கூடுதலாக வேலை செய்கிறது. ஆனால் மூச்சை விட்டபடியே நாடியைப் பிடித்துப் பார்த்தால் பயன் கிடைக்காது.

மாடிப்படிக்கு வருவோம். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான். 1871-இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் பங்கேற்ற வீரர்களின் ஓயாத படபடப்பைப் பற்றி விரிவாக எழுதினார். ஓய்வும் அவரது சிகிச்சையில் முக்கிய இடம் பெற்றது. முதல் உலகப் போரில் அதே தொல்லையோடு வந்த வீரர்களை, தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் படிப்படியாகக் கூட்டிய உடற்பயிற்சிக்கு அனுப்பினார். பலர் மீண்டும் பணிக்குத் திரும்பினார்கள். அசையாத உடம்பு பலம் இழக்கிறது; பலம் இழந்த உடம்பில் நான்கு படி ஏறினாலே துடிப்பு எகிறுகிறது; அதைப் பார்த்து மேலும் அசையாமல் இருக்கிறோம். உங்கள் எக்கோ சரியாக இருப்பதால், உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இந்த வாரமே ஒரு மாடி ஏறுங்கள். 130 வந்தால் வரட்டும். 220-லிருந்து வயதைக் கழிக்கும் தோராயக் கணக்கில் உங்கள் இதயத்தின் உச்சம் 184. இரவில் இடப்பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை நெருங்கி ஓசை கூடும். வலப்பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள்.

மாரடைப்புப் பயம் முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். உங்கள் நண்பரின் வயதில் அது வரத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தடுக்கக் கண்காணிக்கவேண்டியது நாடியை அல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். புகை இருந்தால் விடுங்கள்.

இரண்டு மாதம் முயன்றும் முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடல்நலம் பற்றிய இந்த அச்சத்துக்கு சிபிடி என்னும் பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. மருத்துவர் எழுதித்தரும் எஸ்சிட்டலோபிராம் போன்ற பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தெரிந்தவர் சொன்னார் என்று துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. பதற்றத்தை உடனே தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடும். அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும்.

இன்னும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நண்பரின் வீட்டுக்குப் போய்வந்தீர்களா? இந்த அச்சத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் துக்க வீட்டையும் அந்தத் தெருவையும் தவிர்த்துக்கொண்டே இருப்பார்கள். கடிதத்தில் அவருடைய மரணத்துக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், துடிப்புக்கு மீதி எல்லாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போய், அவருடைய மனைவி மக்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். கடிகாரம் இழுப்பறையிலேயே இருக்கட்டும்.