முப்பத்தெட்டுப் பற்கள்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எர்ணாவூரில் வசிக்கிறேன். என் தந்தை திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் 1978-இல் வாங்கிய புல்லட் 350 இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பற்கள் கொக்கி போல வளைந்து தேய்ந்துவிட்டன. அந்தப் பற்களோடு சேர்ந்தே கடையில் வாங்கிய புதுப் பிரேக் டிரம் சீராகச் சுழலவில்லை. செயின் ஓரிடத்தில் இறுகுகிறது, ஓரிடத்தில் தொய்கிறது. அப்பாவின் வண்டியோடு வந்த டிரம்மையே காப்பாற்ற விரும்புகிறேன். என்னிடம் பென்ச் வைஸ், ஸ்டாண்டோடு டிரில், ஹேக்சா, அரங்கள், 200 மில்லிமீட்டர் வெர்னியர் ஆகியவை உள்ளன. இவற்றைக் கொண்டு பற்களை நானே செய்ய முடியுமா? இரண்டாம் கியரும் நழுவுகிறது. அந்தக் கியரையும் செய்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பற்களை நீங்களே செய்யலாம். கியரைச் செய்யக் கூடாது. கியரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பற்களைப் பார்ப்போம்.

உங்கள் வண்டியில் பின் பிரேக் டிரம்மும் பற்களும் ஒரே துண்டு என்பதால், பல் தேய்ந்தால் டிரம்மையே தூக்கிப் போடுவது வழக்கமாகிவிட்டது. அதற்குத் தேவையில்லை. பழைய பற்களை லேத்தில் கடைந்து நீக்கிவிட்டு, தனியாகச் செய்த பல் வளையம் ஒன்றை டிரம்மின் மேல் போல்ட் வைத்து இறுக்கலாம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளை வைத்திருப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறைதான் இது. ஆனால் டிரம்மில் கை வைப்பதற்கு முன் ஒரு நல்ல கடைசல்காரரிடம் காட்டி, பற்களை நீக்கிய பின் போல்ட் பிடிக்கும் அளவுக்கு உலோகம் மிஞ்சுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சாது என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வளையத்தை வெல்டிங் வைத்துப் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெப்பத்தில் டிரம் கோணினால் போவது பிரேக்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகர ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து திருவொற்றியூரில் தொழிற்சாலையைத் தொடங்கியபோது, வண்டியோடு அங்குல அளவுகளும் இங்கே வந்து சேர்ந்தன. செயினில் பற்களின் பள்ளத்தில் அமரும் சிறு உருளைகள்தான் ரோலர்கள்; அடுத்தடுத்த இரண்டு ரோலர்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்தான் பிட்ச். உங்கள் செயினின் பிட்ச் ஐந்தில் எட்டு என்று தவறாகச் சிலர் சொல்வார்கள். அது எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். ரோலரின் விட்டம் 10.16 மில்லிமீட்டர். பற்கள் 38. இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் மற்ற அளவுகளைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். 180 பாகையை 38-ஆல் வகுத்து, அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பிட்சை வகுத்தால் 192.24 மில்லிமீட்டர் வரும். ரோலர்களின் மையங்கள் அமர வேண்டிய வட்டத்தின் விட்டம் அதுதான். அந்த வட்டத்தின் மேல் 38 துளைகள் போட்டு, துளைகளின் வெளிப்பக்கத்தைத் திறந்துவிட்டால் பற்கள் கிடைத்துவிடும்.

சிக்கல் முழுவதும் அந்த 38 துளைகளைச் சமமாகப் பிரிப்பதில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் தண்டையார்பேட்டையில் நான் குடியிருந்தபோது முதன்முதலாக இப்படி ஒரு வளையம் செய்தேன். டிவைடரை (இரு கூர்முனைகள் கொண்ட கவராயத்தை) 15.875-க்கு வைத்ததாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக நடத்திச் சென்றேன். ஒவ்வோர் அடியிலும் 0.05 மில்லிமீட்டர் பிழை இருந்தால் 38-ஆவது அடியில் அது 1.9 மில்லிமீட்டராகத் திரண்டு நிற்கும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. கடைசி நான்கு பற்களுக்குள் அந்தப் பிழையைப் பங்கிட்டு ஒப்பேற்றினேன். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்துக்கு வரும்போது செயின் பல்லின் மேல் ஏறி இறங்கியது. புதுச் செயின் ஒன்று அதனால் வீணானது. அந்த வளையத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

ஆகவே புள்ளியிலிருந்து புள்ளிக்கு நடக்காதீர்கள். வட்டத்தை 38 சம பங்காகப் பிரித்துக் காட்டும் பிரிப்புத் தகடு ஒன்று உங்களிடமே இருக்கிறது: அப்பாவின் டிரம். அதன் பற்கள் தேய்ந்திருந்தாலும் எல்லாமே ஒரே பக்கமாக, ஏறத்தாழ ஒரே அளவில் தேய்ந்திருக்கும் என்பதால், பள்ளங்களுக்கு இடையிலான கோணம் மாறியிருக்காது. எனவே பழைய பற்களைக் கடைந்து நீக்குவதற்கு முன்பே, டிரம்மையும் புதுத் தகட்டையும் ஒரே தண்டில் மையம் சேர்த்து, இரண்டும் ஒன்றாகச் சுழலும்படி இறுக்கிவிடுங்கள். டிரில் ஸ்டாண்டைத் தண்டின் மையத்திலிருந்து 96.12 மில்லிமீட்டர் தூரத்தில் அசையாமல் நிறுத்துங்கள். ஒரு முள்ளைப் பழைய பள்ளத்தில் விழச் செய்து, எப்போதும் தேயாத பக்கத்தின் மேலேயே அது அழுந்தும்படி பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு துளை போடுங்கள். முதலில் 5 மில்லிமீட்டர் துளைகள் மட்டும் போதும்.

தகட்டுக்கு ஈஎன் 8 எனப்படும் நடுத்தரக் கார்பன் எஃகு போதுமானது. அதைவிட உயர்ந்த ரகத்தை வாங்கிவிட்டால் உங்கள் அரம் திணறும். பல்லின் கனம் செயினின் உள் அகலத்தில் நூற்றுக்கு 93 பங்கு இருக்கட்டும். உள் அகலத்தை வெர்னியரால் நீங்களே அளந்து பாருங்கள். வெளிவிட்டம் முடிவில் 200 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். ஆனாலும் தகட்டை 210-க்கு வெட்டி வாங்குங்கள். 200-இலேயே வெட்டிவிட்டால் பெரிய துளை விளிம்பை உடைத்துக்கொண்டு வெளியேறும். பாதி உலோகத்திலும் பாதி காற்றிலும் சுழலும் டிரில் நேராகப் போகாது. எர்ணாவூரில் உங்களுக்கு இன்னொரு பகையும் உண்டு. கடற்காற்றின் உப்பு ஓரிரவில் தகட்டின் மேல் துருவைப் படியவிட்டு, நீங்கள் கீறிய கோடுகளை மறைத்துவிடும். ஒவ்வொரு மாலையும் தகட்டையும் அரத்தையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

5 மில்லிமீட்டர் துளைகள் முடிந்ததும் துளைகளில் 5 மில்லிமீட்டர் டிரில்களின் தண்டுகளைச் செருகி அளவு பாருங்கள். எதிரெதிர்த் துளைகளின் தண்டுகளுக்கு வெளிப்புறமாக 197.24 வர வேண்டும். உங்கள் வெர்னியருக்கு இது எட்டும். அடுத்தடுத்த இரண்டு தண்டுகளுக்கு வெளிப்புறமாக 20.88 வர வேண்டும். இரண்டையும் பார்க்க வேண்டும். எதிரெதிரான இரு துளைகளும் ஒரே கோணத்தில் நகர்ந்திருந்தால் முதல் அளவு அதைக் காட்டாது.

அளவுகள் சரியாக இருந்தால் துளைகளை 10.3 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்குங்கள். பிறகு லேத் பட்டறையில் தகட்டின் மையத்தைச் சேர்த்துப் பிடித்து, உள்துளையையும் 200 மில்லிமீட்டர் வெளிவட்டத்தையும் ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள். டிரம்மில் பற்களை நீக்கிய இடத்தில் உள்துளை இறுக்கமாக அமர வேண்டும். வளையத்தை மையத்தில் நிறுத்துவது அந்த அமர்வுதான், போல்ட்டுகள் அல்ல. இப்போது துளைகளின் வாய் வெளியே ஏழு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒடுங்கியிருக்கும். ரோலர் அதில் நுழையாது. இங்கிருந்து அரத்தின் வேலை. பள்ளத்தின் அடியைத் தொடாமல், பல்லின் இரு தோள்களையும் மட்டும் வெளிப்புறம் சரியும்படி இழைத்து, புதுச் செயினின் ஒரு துண்டை அடிக்கடி வைத்துப் பாருங்கள். ஒரு நாளில் பத்துப் பற்களுக்கு மேல் செய்யாதீர்கள்; கை களைத்த பிறகு இழைக்கும் பற்கள் வேறு வடிவத்துக்குப் போய்விடும். வளையத்தை வீட்டில் பழுக்கக் காய்ச்சிக் குளிர்விக்கவும் வேண்டாம். இவ்வளவு பெரிய மெல்லிய வளையம் கோணிவிடும். கடினப்படுத்தாத பல் சற்று முன்னதாகத் தேயும், அவ்வளவுதான். பொருத்திய பின் சுழற்றிப் பார்த்தால் பள்ளங்களின் ஏற்ற இறக்கம் கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

செயினையும் அளந்துவிடுங்கள். 24 கண்ணிகள் புதிதாக இருக்கும்போது சரியாக 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். அது 388-ஐத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்; நீண்ட செயின் உங்கள் புதுப் பற்களையும் கொக்கியாக்கிவிடும்.

இனி இரண்டாம் கியர். கியர் பல்லின் வளைவு அரத்தால் வரக்கூடியது அல்ல. அதன் மேற்பரப்பு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கடினமாகவும் உட்பகுதி உறுதியோடு நெகிழ்ந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். அதை அடுப்பில் ஊகத்தால் செய்ய முடியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நீங்கள் போகும்போது ஒரு பல் உடைந்து இடையில் சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் மறுக்கிறேன். ஆனால் கியர் நழுவுவதாலேயே கியர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் வண்டியில் இருக்கும் ஆல்பியன் வகைக் கியர் பாக்ஸின் மூடிக்குள் கியர் மாற்றும் அமைப்பைச் சரிசெய்யும் சிறு தகடு ஒன்று உண்டு. அது இடம் மாறியிருந்தாலும் கியர் முழுதாக விழாமல் நழுவும். முதலில் அதைப் பாருங்கள். உள்ளே புஷ்கள் (தண்டு சுழலும் உலோக உறைகள்) தேய்ந்திருந்தால் அவற்றை வெண்கலத்தில் கடைந்து கொள்ளலாம். புஷ்ஷை அழுத்திச் செருகும்போது அதன் துளை சுருங்கும் என்பதால், செருகிய பிறகே ரீமர் (துளையை நுணுக்கமாக அகலப்படுத்தும் கருவி) போட்டுக் கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

38 துளைகளுக்கு எதிரெதிர் அளவுகள் 19 இருக்கும், பக்கத்துப் பக்கத்து அளவுகள் 38 இருக்கும். 5 மில்லிமீட்டர் துளைகள் முடிந்ததும் அவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். இருவரும் சேர்ந்து பார்த்த பிறகு 10.3 டிரில்லை மாட்டலாம்.

அன்புடன்.