டோங்காவின் கேபிளும் கரண்டும்: கேள்வி பதில்

கடலடி கேபிள் என் தொழில். பசிபிக் தீவு நாடான டோங்கா பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில்.

செல்வி: 2022-இல் எரிமலை வெடித்ததும் ஒரு நாடே எப்படிச் சார் துண்டிக்கப்பட்டது?

வெளியுலகத்துக்கு இருந்த இணையக் கேபிள் ஒன்றே ஒன்று: ஃபிஜியின் சுவாவிலிருந்து 827 கி.மீ., 2013 முதல் ஓடுகிறது. ஜனவரி 15 வெடிப்பில் சாம்பலும் பாறையும் கடலடிச் சரிவில் வெள்ளமாகப் பாய்ந்து, கேபிளைப் பல இடங்களில் அறுத்தன. சில துண்டுகளை இழுத்துப்போய்ப் புதைத்தன. பழுது பார்க்கும் கப்பல், கடலடித் தரையோடு கொக்கியை இழுத்து ஒரு முனையைப் பிடிக்கும். மேலே தூக்கிச் சோதித்து, மிதவையில் கட்டிவிட்டு அடுத்த முனையைத் தேடப்போகும். பிறகு நடுவில் புதுக் கேபிளை வைத்து, தலைமுடி அளவு கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டவேண்டும். இங்கே 80 கி.மீ. அளவுக்குச் சேதம். பிப்ரவரி 22-இல்தான் இணைப்பு வந்தது. வவாவு, ஹாஅபாய் தீவுகளுக்குப் போகும் உள்நாட்டு கேபிளுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. கிடங்கில் உதிரி கேபிள் இல்லையென்றால் கப்பல் வந்தும் புண்ணியமில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

ரமேஷ்: சுறா கடித்துவிடுமாமே?

அபூர்வம். நங்கூரமும் மீன்பிடி வலையும்தான் நிஜ எதிரிகள். 2019 ஜனவரியில் இதே கேபிள் அறுந்து டோங்கா பத்து நாளுக்கு மேல் தவித்தபோதும் சந்தேகம் நங்கூரத்தின் மேல்தான்.

பிரபு: ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இணையம் வந்தபிறகு கேபிள் எதற்கு?
கீதா: பிரபு சார், புயலில் டிஷ் பறந்தால்?
பிரபு: வேறொன்று வைத்துக்கொள்ளலாம், மேடம்.

இருவரும் பொறுங்கள். அவசரத்துக்குச் சாட்டிலைட் தெய்வம்தான். 2022-இல் முதலில் கைகொடுத்ததே அதுதான். ஆனால் கிடைத்தது 2ஜி. பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். டிஷ்களில் படிந்த சாம்பலையும் துடைக்கவேண்டியிருந்தது. பூமிக்குப் பக்கத்தில் சுற்றும் இன்றைய தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள் வேகமானவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வங்கி, மருத்துவமனை, அரசு என எல்லாவற்றையும் தாங்கும் கொள்ளளவு கேபிளில்தான். இரண்டும் வேண்டும்.

அனிதா: அங்கே கரண்ட் எப்படி?

பெரும்பகுதி டீசல், அதுவும் கப்பலில் வருவது. முக்கியத் தீவான டோங்காடாபுவில் போபுவா மின் நிலையம்தான் முதுகெலும்பு. 2012-இல் அதன் பக்கத்திலேயே சோலார் வந்தது. 2020-க்குள் பாதி மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதாகும் என்றார்கள், ஆகவில்லை. இப்போதைய இலக்கு 2030-க்குள் 70 சதவீதம். 2018-இல் கீட்டா புயல் அடித்தபோது, புதுப்பித்த கிராம லைன்கள் பழையவற்றைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தன. பேனலைவிட முதலில் கம்பத்தைக் கவனியுங்கள் என்பேன்.

முருகன்: சுறா கேபிளை...

மேலே ரமேஷுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குமார்: எங்கள் வீட்டு வைஃபை மெதுவாக இருக்கிறது.

லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

பிரபு: ஆனாலும் சாட்டிலைட்...

டீசல் கப்பல் தாமதமானால் டிஷ்ஷுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள் பிரபு, அப்புறம் பேசலாம்.