பந்தும் பட்டமும்: கியெல்லினி போட்ட நிதானமான கணக்கு

கால்பந்து ஆடும் மகனின் கல்லூரிப் படிப்பை நிறுத்திவிடட்டுமா, பந்தை விடச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். படிப்பின் வேகத்தைக் குறையுங்கள், போதும்.

இத்தாலியின் ஜோர்ஜோ கியெல்லினியைப் பாருங்கள். 1984-இல் பீசாவில் பிறந்தவர். டூரின் நகரின் யுவென்டஸ் கால்பந்து கிளப்பில் சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர். தொடர்ந்து 9 முறை இத்தாலி லீக் சாம்பியன், தேசிய அணிக்கு 117 ஆட்டங்கள். 2010 ஜூனில் உலகக் கோப்பையின் முதல் சுற்றிலேயே இத்தாலி வெளியேறியது. ஜூலையில் இவர் டூரின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், வணிகவியலில் பட்டம் வாங்கிவிட்டார். வயது 25. முதுகலை முடித்தது 2017 ஏப்ரலில், 32 வயதில். ஆய்வேடு யுவென்டஸ் கிளப்பின் வணிக முறை பற்றியது. அதே மாதம் பார்சிலோனாவுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோலும் போட்டார்.

அங்கே மூன்றாண்டுப் பட்டத்துக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு 60 கிரெடிட் என்றால் 1,500 மணி. 300 நாளுக்குப் பிரித்தால் தினம் 5 மணி. பயிற்சி முடித்து வந்த உடம்புக்கு அது நடக்காது. பாதியாக்கினால் இரண்டரை மணி. அதை டீம் பஸ்ஸில்கூட ஓட்டிவிடலாம்.

நம் பிள்ளைகள் சறுக்குவது வேறிடத்தில். ரெகுலர் காலேஜில் சேர்ப்போம், போட்டி, கேம்ப் என்று போனதில் 75% அட்டென்டன்ஸ் விழாது, அரியர் குவியும், மூன்றாம் வருஷம் பையனே நின்றுவிடுவான். இக்னோவில் (அஞ்சல் வழியில் படிக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) 3 ஆண்டு டிகிரியை 6 ஆண்டு வரை இழுத்து முடிக்கலாம். லேப் உள்ள பாடம் மட்டும் வேண்டாம், பிராக்டிகலுக்கு நேரில் போயே ஆக வேண்டும்.

காயத்தையும் கணக்கில் சேருங்கள். 2019 ஆகஸ்டில் கியெல்லினியின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. களம் திரும்பியது 2020 பிப்ரவரியில். அப்படி ஆறு மாதம் கிடைத்தால் கூடுதலாக இரண்டு தாள் எழுதிவிடலாம்.

2023 டிசம்பரில் ஓய்வு பெற்றவர், அடுத்த ஆண்டே யுவென்டஸ் நிர்வாகத்துக்குத் திரும்பினார். கோச் ஆவது தனிப் பாதை. அதற்கு லைசென்ஸ் படிப்பு வேண்டும், டிகிரி மட்டும் போதாது.

இக்னோ தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். பையனின் போட்டி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டம் குறைந்த மாதத்துக்குக் கணக்குப்பதிவியல் போன்ற கனமான தாள்களைத் தள்ளுங்கள்.