ஹேண்டில் பேரிங்: தளர்வும் இறுக்கமும்

கேள்வி: பைக்கில் முன் பிரேக்கைப் பிடிக்கும்போதும் வேகத்தடையில் இறங்கும்போதும் ஹேண்டிலில் "டக்" என்று ஓர் அடி விழுகிறது. கோன்செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங் தொகுதி) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நானே உறுதி செய்துகொள்ள முடியுமா ஐயா?

பதில்: முடியும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையோ ஜாக்கியோ கொடுத்துவிடுங்கள். பின்னர் சக்கரத்துக்கு எதிரே அமர்ந்து, சக்கரத்தை இருபுறமும் தாங்கும் இரண்டு ஃபோர்க்குகளையும் அடிப்பகுதியில் பிடித்து, முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளுங்கள். அப்போது இன்னொருவர், சேஸிஸின் கழுத்துக் குழாய், மேல் பிரிட்ஜை (இரண்டு ஃபோர்க்குகளையும் மேலே இணைக்கும் தகட்டை) சந்திக்கும் இடுக்கில் விரலை வைத்திருக்கட்டும். அசைவு அந்த விரலுக்குத் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. அங்கே அமைதியாக இருந்து, ஃபோர்க்கின் உள்குழாயும் வெளிக்குழாயும் சேருமிடத்தில் மட்டும் ஆட்டம் இருந்தால், தேய்ந்தது ஃபோர்க்தான். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை ஆட்டிப் பார்த்தே பலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். டிஸ்க் பிரேக் பேடுகளின் சிறு ஆட்டமும் அதே ஓசையைத் தரும் என்பதால், அந்தச் சோதனையை மட்டும் நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: பேரிங்கை இறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் நின்றுவிட்டது, ஆனால் நெரிசலில் மெதுவாகப் போகும்போது வண்டி இப்படியும் அப்படியும் அலைகிறதே?

பதில்: அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள். இரு சக்கர வண்டி சாயும் பக்கத்துக்கு ஹேண்டில் தானாகவே சிறிது திரும்பிக் கொடுப்பதால்தான் நாம் விழாமல் போகிறோம்; கழுத்து இறுகியிருந்தால் அந்தத் திருத்தம் தாமதமாகி, அதை நம் கைகளே வலிந்து செய்ய வேண்டியிருக்கிறது. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்டிலை நடுவில் வைத்து ஒரு விரலால் லேசாகத் தட்டினால், இரு பக்கமும் தன் எடையிலேயே அது விழ வேண்டும். கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள் எங்காவது இழுத்துப் பிடிக்கின்றனவா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளம் வெட்டிய நட்டைத் திருப்பும் கொக்கி வடிவ சி ஸ்பேனர் வாங்கிவிட்டேன். சரிசெய்யும் முறையைச் சொல்லுங்கள்.

பதில்: உச்சியிலுள்ள பெரிய நட்டையும், மேல் பிரிட்ஜில் ஃபோர்க் குழாய்களைக் கவ்வியிருக்கும் போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். இந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தாமல் விட்டுவிட்டால் மேல் பிரிட்ஜ் இறங்காது. நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் பலன் இராது. மேல் பிரிட்ஜின் அடியில் தெரியும் பள்ளங்கள் வெட்டிய நட்டைச் சி ஸ்பேனரால் இறுக்கி, ஹேண்டிலை இரு கோடிகளுக்கும் சில முறை திருப்பி, பேரிங்கின் குண்டுகளை அமரவிட்டு, பின்பு சிறிதளவு தளர்த்தி, ஆட்டம் மறைந்தும் கனம் தோன்றாமலும் இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். எவ்வளவு முறுக்குவிசை என்பது மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் மேனுவலில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். கடைசியாக உச்சி நட்டை முறுக்கியதும் கட்டாயம் மறுபடி சோதியுங்கள், ஏனென்றால் அந்த முறுக்கே கீழ் நட்டைச் சற்று அழுத்திவிடும். முதல் முயற்சியிலேயே அளவு பொருந்துவது அபூர்வம்.

கேள்வி: நேராக வைக்கும்போது ஹேண்டில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றுகொள்கிறது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினால் போதுமா?

பதில்: போதாது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், சாலையின் அதிர்ச்சி முழுவதையும் குண்டுகள் ஒரே இடத்தில் நின்று வாங்கிக்கொள்கின்றன. கிரீஸ் விலகிய அந்த இடங்களில், குண்டுகள் உருளும் கிண்ணம் குழிந்துவிடுகிறது. தளர்த்தினால் குழி மறையாது, ஆட்டந்தான் கூடும். மேலேயும் கீழேயும் உள்ள கிண்ணம், அதற்கு எதிரே பொருந்தும் கோன், குண்டு அனைத்தையும் ஒரே தவணையில் மாற்றுங்கள். பழைய குண்டுகளைப் புதிய கிண்ணத்தில் போடுவது பணத்தை வீணாக்கும் சிக்கனம். உங்கள் மாடலுக்கு டேப்பர் ரோலர் பேரிங் (குண்டுக்குப் பதில் கூம்பிய உருளைகள் உள்ளது) கிடைத்தால் அதையே போடலாம். குண்டு புள்ளியில் தாங்கும் சுமையை உருளை கோட்டில் பரப்பித் தாங்கும். கிரீஸ் என்எல்ஜிஐ 2 தர (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) லித்தியம் வகையாக இருக்கட்டும். வாட்டர் வாஷில் கழுத்துப் பகுதிக்கு நேராகப் பீய்ச்ச விடாதீர்கள்.

கேள்வி: 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து குறையும்போது கையை எடுத்தால் ஹேண்டில் நடுங்குகிறது.

பதில்: கையை எடுக்காதீர்கள். முன் டயரின் காற்றழுத்தம், தேய்மானம், சக்கர பேலன்ஸ் ஆகியவற்றைப் பார்த்தபின் பேரிங்குக்கு வாருங்கள். டயரின் குறையை மறைக்கப் பேரிங்கை இறுக்கித் தருபவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: கீழே விழுந்தபின் சக்கரம் நேராக இருந்தாலும் ஹேண்டில் கோணலாக நிற்கிறது.

பதில்: ஃபோர்க் குழாய்கள் பிரிட்ஜுகளுக்குள் முறுகியிருக்கலாம். போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களால் கவ்விக்கொண்டு ஹேண்டிலை நேராக்கி, மீண்டும் இறுக்குங்கள். அப்படியும் நேராகாவிட்டால் ஃபோர்க் குழாயோ, கழுத்துக்குள் செல்லும் தண்டோ வளைந்திருக்கிறது. லேத் பட்டறையில் காட்டுங்கள்.