ஒருவர் எழுத, மூவர் வேடிக்கை பார்க்க…

கேள்வி: மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மென்பொருள் பொறியியல் எடுக்கிறேன். நான்கு பேருக்கு ஒரு புராஜெக்ட். நிரலை ஒருவரே எழுதுகிறார். மற்ற மூவரும் ரெக்கார்டு நோட்டோடு நின்றுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்? – உதவிப் பேராசிரியை, திருநெல்வேலி

பதில்: முடிந்த புராஜெக்டுக்கு மட்டும் மதிப்பெண் என்றால் இது மாறாது. நன்றாக எழுதத் தெரிந்தவர் கடைசி இரண்டு ராத்திரியில் முடித்துவிடுவார். மதிப்பெண்ணில் பாதியையாவது வாராவாரம் செய்யும் மாற்றங்களுக்குக் கொடுங்கள்.

முதல் இரண்டு வாரம் கிட் (நிரலில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிந்துவைக்கும் மென்பொருள்) பழகட்டும். மூன்றாம் வாரம் எவ்வளவு சிறியதானாலும் ஓடுகிற ஒன்று வேண்டும். நூலக மென்பொருள் என்றால் புத்தகப் பட்டியலை மட்டும் காட்டினால்கூடப் போதும். அதன்பின் ஒவ்வொருவரும் வாரம் ஒரு மாற்றம்: தனி பிராஞ்சில் (நிரலின் தனிக் கிளையில்) எழுதி, குழுவில் இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே எல்லோருக்கும் பொதுவான மெயின் பிராஞ்சில் சேர்க்க வேண்டும். 200 வரிக்கு மேல் போனால் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நீளமாக இருந்தால் படிப்பவர் படிக்காமலே ‘ஓகே’ போட்டுவிடுவார். பிராஞ்ச் மூன்று நாளுக்கு மேல் தனியே கிடந்தாலும் ஆபத்து: மற்றவர்கள் அதே கோப்பைத் திருத்தியிருப்பார்கள், சேர்க்கும்போது மோதும்.

எட்டாம் வாரம் குழுக்களின் நிரலை மாற்றிக் கொடுங்கள். பாடத்தின் உயிரே இதுதான். அடுத்த குழுவின் நூலக மென்பொருளில் ‘ஞாயிற்றுக்கிழமைக்கு அபராதம் கிடையாது’ என்ற புது விதியைச் சேர்க்கட்டும். அபராதக் கணக்கு ஒரே ஃபங்ஷனில் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டில்) இருந்தால் சீக்கிரம் முடியும். அதையே மூன்று இடத்தில் நகலெடுத்து ஒட்டியிருந்தால், இரண்டைத் திருத்தி மூன்றாவதை விட்டுவிடுவார்கள். ஒரு திரையில் 12 ரூபாய், இன்னொன்றில் 10 ரூபாய் என்று வரும். எழுதிய குழு வாயால் விளக்கக் கூடாது, புராஜெக்டை விளக்கி எழுதும் ரீட்மீ கோப்பு மட்டுமே பேச வேண்டும். ரீட்மீ எதற்கு என்பது அன்றைக்குப் புரிந்துவிடும்.

கமிட் (கிட்டில் பதியும் ஒவ்வொரு மாற்றம்) எண்ணிக்கையையோ வரி எண்ணிக்கையையோ வைத்து மதிப்பெண் போடாதீர்கள். ஒரு வரியைப் பத்து கமிட்டாக உடைப்பார்கள். அவரவர் கமிட் ஒன்றைத் திறந்து, ‘இதை ஏன் மாற்றினாய்?’ என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் கேளுங்கள். 60 பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். நான்கைந்து லேப் வகுப்புகளில் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. லேப் கணினியில் முன்பு உட்கார்ந்தவரின் பெயரும் மின்னஞ்சலும் கிட்டில் அப்படியே இருக்கும். கவனிக்காவிட்டால் உங்கள் மாணவரின் கமிட் அவர் பெயரில் பதியும். ‘குளோபல்’ (அந்தக் கணினிக் கணக்கின் எல்லா புராஜெக்டுக்கும்) என்று கொடுக்காமல், ஒவ்வொருவரும் தன் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் மட்டும் பெயரை அமைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள கோப்பைத் தெரியாமல் கிட்ஹப்பில் (நிரலை இணையத்தில் வைக்கும் தளம்) ஏற்றிவிட்டேன். பிறகு அதை கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியல்) சேர்த்தேன். இனி பயமில்லையா? – மாணவர், சேலம்

பதில்: பயம் இருக்கிறது. கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்பை கிட்இக்னோர் தடுக்காது. கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டில் பாஸ்வேர்டு இருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: ஒரு ஃபங்ஷனுக்கு எத்தனை டெஸ்ட் (அது சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்) எழுத வேண்டும்? – மாணவி, மதுரை

பதில்: எண்ணிக்கையைவிட, எந்தத் தவறைப் பிடிக்க என்று பாருங்கள். லீப் ஆண்டா என்று சொல்லும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். 2023, 2024, 1900, 2000 ஆகிய நான்கும் வேண்டும். ‘நான்கால் வகுபட்டால் லீப்’ என்று மட்டும் எழுதியவர் 1900-இல் மாட்டுவார். ‘நூறால் வகுபட்டால் இல்லை’ என்று சேர்த்து நிறுத்தியவர் 2000-இல் மாட்டுவார். 2024-க்குப் பிறகு 2028, 2032 என்று அடுக்கினால் புதிதாக எதுவும் பிடிபடாது. இது சின்ன விஷயமில்லை: பழைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3-இன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக, எக்செல் இன்றும் 1900-ஐ லீப் ஆண்டாகவே கணக்கிடுகிறது.

டெஸ்ட் எழுதியதும் ஃபங்ஷனில் வேண்டுமென்றே ஒரு நிபந்தனையை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் எல்லா டெஸ்ட்டும் பச்சையாக (தேர்ச்சி என்று) வந்தால், அந்த நிபந்தனைக்கான டெஸ்ட்டை நீங்கள் இன்னும் எழுதவில்லை.