மாத்திரை டப்பா யார் கையில்?

முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். மறதிநோயும் சர்க்கரையும் சேர்ந்து வந்த மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மடிப்பாக்கம் வாசகி: அம்மாவுக்கு 76 வயது, மறதிநோய். சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்கிறார். இன்சுலினைத் தானே போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடிக்கிறார், சிஸ்டர்.

இன்சுலினை இன்றே உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டதை மறந்து இன்னொரு முறை போட்டுக்கொள்வதுதான் எனக்குப் பயம். சர்க்கரை கொஞ்சம் ஏறினால் யோசிக்க நேரம் இருக்கும், இறங்கினால் இருக்காது.

ஒரு நாள் காலை என் மாமியார் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கூப்பிட்டால் எரிந்து விழுந்தார். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தேன், நர்ஸாக இருந்தும்! தலைப்பை வாங்கிப் பார்த்தால் வியர்வையில் நனைந்திருந்தது. சர்க்கரை 54. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். விழுங்க முடிந்ததால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்தேன். விழுங்க முடியாத நிலையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில், "இப்போதுதானே சாப்பிட்டாய்" என்று வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. நான்கு இட்லியை இரண்டிரண்டாகப் பிரித்து வைத்துவிடுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போது கொடுக்க ஏதாவது இருக்கும்.

பெரம்பூர் வாசகர்: அப்பா இரண்டே நாளில் ஆளே மாறிவிட்டார். இரவெல்லாம் உளறுகிறார். நோய் முற்றிவிட்டதா?

மறதிநோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் முற்றும். இரண்டு நாளில் ஆள் மாறினால் உடம்பில் வேறு எதையோ தேட வேண்டும்: சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். நாளை என்று தள்ளாமல் இன்றே காட்டுங்கள். வாய் கோணினாலோ ஒரு கை துவண்டாலோ உடனே 108.

குரோம்பேட்டை வாசகி: மூன்று டாக்டர்கள், பதினோரு மாத்திரைகள். எதைக் குறைப்பது?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எல்லா அட்டைகளையும், கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு ஒரே மருத்துவர் மேசையில் கொட்டுங்கள். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகளும், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகளும் குழப்பத்தைக் கூட்டும். மறதிநோய்க்குத் தரும் டோனெபெசில் நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியது. கூடவே இதய மாத்திரையும் இருந்தால் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

வியாசர்பாடி வாசகர்: அப்பாவைத் தனியாரில் காட்ட வசதியில்லை.

கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது. பிபி, சர்க்கரை மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும். முதியோர் உதவி எண் 14567. ஒன்று மட்டும்: மாத்திரை கொண்டுவருபவரிடம், அதை அப்பா கையில் கொடுக்காமல் உங்களிடம் தரச் சொல்லிவையுங்கள்.